சவர்க்காரத் தண்ணீரும் நான் அழித்த எண்களும்

இவ்வாண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மொழிக் கழகத் தம்பி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "கவிதை நிறைய வந்துடுச்சு அண்ணா, சிறுகதையும் போதும். நீங்க அறிவியல் படிச்சவருதானே, அறிவியலா ஏதாவது எழுதிக் கொடுங்களேன்" என்றார். கவிதை போதும் என்று ஒரு தமிழ் மலர் சொல்லும் நாள் வரும் என்று நான் எண்ணியதே இல்லை. உடனே ஒப்புக்கொண்டேன்.

எனக்கு நிறைவாகத் தெரிந்த அறிவியல் ஒன்றே ஒன்றுதான். 2004ஆம் ஆண்டு, இறுதியாண்டுத் திட்டப்பணிக்காக ஆய்வுக்கூடத்தில் மாதக்கணக்கில் சவர்க்காரத் தண்ணீரைச் சுழற்றிக் கொண்டிருந்தபொழுது கற்றுக்கொண்டது அது. அதனோடு நான் செய்த தவறு ஒன்றும் ஒட்டிக் கொண்டிருக்கிறது. இரண்டையும் பிரித்து எழுத முயன்றேன், முடியவில்லை. ஆகவே சேர்த்தே எழுதுகிறேன்.

அம்மாவின் வாளியிலிருந்து தொடங்க வேண்டும். 1998ஆம் ஆண்டு பொருளாதார நெருக்கடியில் அப்பா வேலை பார்த்த தொழிற்சாலை ஆட்களைக் குறைத்தது. தோட்டத்தை விட்டு வந்து கிள்ளானில் மலிவுவிலை அடுக்குமாடி வீட்டில் குடியேறி நான்கு ஆண்டுகள்கூட ஆகவில்லை. கோயில் மாதர் பிரிவினர் நடத்திய கைத்தொழில் வகுப்பில் அம்மா பாத்திரம் கழுவும் திரவம் செய்யக் கற்றுக்கொண்டு வந்தார். வெள்ளிக்கிழமை இரவு, வழிபாடு முடிந்து வந்ததும் குளியலறை வாசலில் பெரிய நீல வாளியை வைப்பார். கடையில் வாங்கிய நுரைப்பசையைத் தண்ணீரில் கரைப்பார். எலுமிச்சை வாசனை சில சொட்டு, பச்சை நிறம் ஒரு சிட்டிகை. அதுவரையில் வாளியில் இருப்பது தண்ணீர் போலத்தான் ஓடும். பிறகுதான் உப்பு.

சமையல் உப்பைத் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டு, கரண்டி கரண்டியாக ஊற்றிக் கலக்குவார். நான்காவது, ஐந்தாவது கரண்டியில் துடுப்பு கனக்கத் தொடங்கும். திரவம் தேன் பதத்துக்கு வந்ததும் நிறுத்திவிடுவார். ஒருமுறை நான் உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு மீதி உப்புநீர் முழுவதையும் கவிழ்த்து விட்டேன். கெட்டியாக இருந்தது மீண்டும் தண்ணீராகிவிட்டது. "உப்பு கூடிப் போனா இளகிடும்டா தம்பி. இனிமே எதைப் போட்டாலும் ஏறாது" என்றார் அம்மா. அந்த வாரம் விற்பனை இல்லை. பழைய குடிநீர்ப் போத்தல்களில் அடைத்து, ஒரு போத்தல் இரண்டு வெள்ளி என்று, மாடி மாடியாக ஏறி விற்றவன் நான்தான். பல்கலைக்கழக விடுதிக்கு வந்த பிறகு அதே போத்தல் என் அலமாரியிலும் இருந்தது. கேட்டவர்களிடம் பேரங்காடியில் வாங்கினேன் என்று சொன்னேன். பேரங்காடியில் யார் குடிநீர்ப் போத்தலில் சவர்க்காரம் விற்கிறார்கள் என்று எவரும் கேட்காதது என் நல்ல நேரம்.

இறுதியாண்டில் எனக்கும் ஒரு தோழிக்கும் சேர்த்து ஒரே தலைப்புக் கிடைத்தது: சவர்க்காரக் கரைசல்களின் பாகுத்தன்மை. தமிழ்ப்பள்ளிக்குப் பிறகு இடைநிலைப்பள்ளியில் 'கெலிக்காத்தான்' என்றும் பல்கலைக்கழகத்தில் 'விஸ்காசிட்டி' என்றும் படித்ததைத்தான் பாகுத்தன்மை என்கிறேன். ஒரு திரவம் ஓட எவ்வளவு அடம்பிடிக்கிறது என்பதன் அளவு அது. தண்ணீருக்குக் குறைவு, தேனுக்கு அதிகம்.

சவர்க்கார மூலக்கூறு ஒரு தலைப்பிரட்டை போன்றது. தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்குப் பிடிக்காது. தண்ணீரில் போதுமான அளவு சேர்ந்ததும் வால்கள் எல்லாம் உள்ளே ஒளிந்துகொள்ள, தலைகள் வெளியே நிற்க, சிறு உருண்டைகளாகக் கூடிக்கொள்ளும். இந்தக் கூட்டத்திற்கு மிசெல் என்று பெயர். தலைகள் ஒரே மின்னூட்டம் கொண்டவை என்பதால் ஒன்றையொன்று தள்ளும். நெருங்கி நிற்க முடியாததால் உருண்டை வடிவம். இங்கே உப்பைச் சேர்த்தால், எதிர் மின்னூட்டம் கொண்ட துகள்கள் தலைகளுக்கு இடையே வந்து அந்தப் பகையைத் தணிக்கின்றன. தலைகள் நெருங்குகின்றன. உருண்டை நீண்டு புழுவாகிறது. புழுவின் தடிப்பு ஏறக்குறைய 5 நானோமீட்டர், அதாவது தலைமுடியின் தடிப்பில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. நீளமோ அதைப்போல் நூறு மடங்கும் அதற்கு மேலும் போகலாம். நீண்ட புழுக்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டால் திரவம் கெட்டியாகிறது. இவை நூடல்ஸ் போல ஒருமுறை செய்து வைத்தவை அல்ல. கணந்தோறும் அறுந்து, மறுபடி ஒட்டிக்கொண்டே இருக்கும். அம்மாவின் வாளியில் ஐந்தாவது கரண்டியில் நடந்தது இதுதான். உப்பு மிகும்போது புழுக்கள் கிளைவிடுகின்றன, அந்தக் கிளைகள் நழுவி நகர்வதால் பின்னல் தளர்ந்துவிடுகிறது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். மூன்றாம் ஆண்டு விரிவுரையில் இதைக் கேட்டபோது எனக்கு வாளி நினைவு வந்தது. கையை உயர்த்திச் சொல்லியிருக்கலாம்; சொல்லவில்லை.

எங்கள் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட சவர்க்காரம் வேறு. செட்டைல்டிரைமெத்தில் அமோனியம் புரோமைடு என்று நீளமான பெயர். 'சீட்டாப்' என்று அழைப்போம். காயம் கழுவும் சில கிருமிநாசினிகளில் இதன் உறவினர்கள் உண்டு. உப்புக்குப் பதில் சோடியம் சாலிசிலேட், ஆஸ்பிரினுக்கு நெருங்கிய சொந்தம். அளவைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சீட்டாப் முக்கால் கிராமுக்கும் சற்றுக் குறைவு, சாலிசிலேட் 0.32 கிராம். அவ்வளவுதான். கண்ணுக்கும் கைக்கும் அது வெறும் தண்ணீர். புழுக்கள் இருக்கின்றன, ஆனால் மிகக் குறைவு. ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியே மிதக்கின்றன.

அளக்கும் கருவியின் பெயர் ரியோமீட்டர். ஒரு குவளைக்குள் ஓர் உருளை. இரண்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. இடைவெளியில் திரவத்தை ஊற்றி உருளையைச் சுழற்றினால், சுழற்ற எவ்வளவு விசை வேண்டியிருக்கிறது என்பதைக் கருவி சொல்லும். பாடநூலில் படித்திருந்தது இவ்வளவுதான்: தண்ணீர் எந்த வேகத்திலும் ஒரே பாகுத்தன்மை காட்டும், ஷாம்பூ, பாத்திரத் திரவம் போன்றவை வேகமாக ஓடினால் இளகும். எங்கள் கரைசலும் இவ்விரண்டில் ஒன்றைத்தான் செய்யும் என்று தீர்மானித்துக்கொண்டுதான் நான் கருவியைத் தொட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை தோழி அளந்து கொண்டிருந்தாள். வேகம் வினாடிக்கு 60. அந்நேரம் ஊரிலிருந்து அவள் அம்மா அழைக்கவே, கருவியை நிறுத்தாமல் வெளியே போய்ப் பேசிவிட்டு வந்திருக்கிறாள். திரும்பி வந்தபோது எண் ஏறியிருந்தது. சற்றுமுன் தண்ணீரைவிடக் கொஞ்சமே கூடுதலாக இருந்த திரவம், அதே வேகத்தில், அதே வெப்பத்தில், பல மடங்கு கெட்டியாகியிருந்தது. நிறுத்தினாள். சிறிது நேரத்தில் பழையபடி தண்ணீர். மீண்டும் சுழற்றினாள். உடனே ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு நிமிடம் கழித்து மறுபடி ஏறத் தொடங்கியது. தன் குறிப்பேட்டில் நேரத்தையும் எண்ணையும் பென்சிலால் எழுதி வைத்துவிட்டு என்னிடம் ஓடி வந்து சொன்னாள்.

நான் நம்பவில்லை. "நுரை போயிருக்கும், குவளையைச் சரியாக் கழுவலை நீ" என்றேன்.

"நான் கண்ணால பார்த்தேன். ரெண்டு தடவை ஏறிச்சு."

மறுநாள் நானே அளந்தேன். கருவியைக் கணினி வழியாக ஓட்டினேன். ஒவ்வொரு வேகத்திலும் பத்து வினாடி நின்று, எண்ணைப் பதிந்து, அடுத்த வேகத்துக்குத் தாவும்படி. 60இல் ஏற்றம் எதுவும் இல்லை. நான் சொன்னது சரி என்று ஆகிவிட்டது. ஆனால் வேகம் 100ஐ நெருங்கியபோது என் எண்களும் ஏறின. இதற்கும் என்னிடம் விளக்கம் தயாராக இருந்தது: வேகம் கூடினால் திரவத்தில் சுழல் உண்டாகும், சுழல் இருந்தால் கருவி பொய் சொல்லும். இது பொதுவாக உண்மைதான், அதனால்தான் எனக்கு அவ்வளவு வசதியாக இருந்தது. ஏறிய எண்களைக் கணினி அட்டவணையிலிருந்து நீக்கினேன். குறிப்பேட்டிலும் அழித்தேன். வரைபடம் 80இல் அழகாக, கிடைக்கோடாக முடிந்தது. தோழியின் எண்களை அறிக்கையில் சேர்க்க வேண்டாம் என்றும் நானே முடிவு செய்தேன். அவள் மறுத்துப் பேசவில்லை. மறுவாரத்திலிருந்து ஆய்வுக்கூடத்துக்கு நான் இல்லாத நேரம் பார்த்து வரத் தொடங்கினாள். வேறு குழுவுக்கு மாற முடியுமா என்று அலுவலகத்தில் விசாரித்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

எங்கள் மேற்பார்வையாளர் ஒரு மலாய்ப் பெண்மணி. அதிர்ந்து பேசாதவர். வரைவைப் புரட்டினார், வரைபடத்தில் நின்றார். "ஏன் 80இல் முடிகிறது? கருவி 1000 வரை போகுமே" என்று கேட்டார். கருவியில் கோளாறு என்றேன். இதை எழுதும்போதும் காது சூடாகிறது. பக்கத்தில் நின்ற தோழி என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் பையைத் திறந்து தன் குறிப்பேட்டை எடுத்து மேசையில் வைத்தாள்.

டாக்டர் அந்தப் பக்கத்தை நீண்ட நேரம் படித்தார். பிறகு என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: "சுழல் என்று நினைத்தாயானால், அதே வேகங்களில் வெறும் தண்ணீரை வைத்துப் பார்த்தாயா?" பார்க்கவில்லை. பத்து நிமிட வேலை அது. அன்று மாலையே பார்த்தேன். தண்ணீர் அந்த வேகங்களிலெல்லாம் அசையாமல் ஒரே எண்ணைக் காட்டியது. தண்ணீரிலேயே சுழல் வராத வேகத்தில், அதைவிடச் சற்றுக் கெட்டியான கரைசலில் எப்படி வரும்? கெட்டியானது சரவர்க்காரம்தான் என்பதில் எனக்கே ஐயம் இல்லாமல் போயிற்று.

மறுநாள் டாக்டர் சில கட்டுரைகளின் நகல்களைக் கொடுத்தார். முதலாவது ஜெர்மனியில் ரேஹாகே, ஹாஃப்மன் என்னும் இருவர் 1982ஆம் ஆண்டு வெளியிட்டது. மிகவும் நீர்த்த சவர்க்காரக் கரைசல்கள் ஓட்டத்தில் கெட்டிப்படுவதைப் பற்றித்தான் அது முழுவதும். நாங்கள் கண்டது புதுமையன்று. நான் பிறந்த காலத்திலேயே அச்சேறிய செய்தி. நூலகத்தில் ஒரு பிற்பகல் செலவிட்டிருந்தால் கிடைத்திருக்கும். ஒரு கண்டுபிடிப்பைத் தவறவிட்டேன் என்ற வருத்தம்கூட எனக்கு வாய்க்கவில்லை.

ஆனால் செய்தி வியப்பானதுதான். சோளமாவைத் தண்ணீரில் குழைத்து வேகமாகக் குத்தினால் கல்லாக நிற்கும். இதைப் பலரும் செய்து பார்த்திருப்பீர்கள். அங்கே திடமான மாவுமணிகள் நெருக்கியடித்து ஒன்றையொன்று முட்டுவதால் உடனே இறுகுகிறது. எங்கள் கரைசலில் முட்டுவதற்கு மணிகளே இல்லை. இருப்பதெல்லாம் ஆயிரத்தில் ஒரு பங்கு சவர்க்காரம். தனித்தனியே மிதக்கும் குட்டிப் புழுக்களை ஓட்டம் ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் தொடர்ந்து இழுக்கும்போது, அவை தம்மளவில் இல்லாத பெரிய அமைப்பு ஒன்றைக் கட்டிக்கொள்கின்றன. கட்டுவதற்கு நேரம் பிடிக்கிறது. எல்லை வேகத்தின் அருகே சில நிமிடம். வேகம் கூடக்கூடக் காத்திருப்பு குறைகிறது. தோழியின் 60இல் இரண்டு நிமிடம் வேண்டியிருந்தது. நான் கொடுத்தது பத்து வினாடி. 100இல் பத்து வினாடியே போதுமானதாக இருந்திருக்கிறது. இருவர் அளந்ததும் சரி. அவள் தொலைபேசியில் பேசப் போனதுதான் அந்த ஆய்வில் நடந்த மிகச் சரியான செய்முறை.

1997ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் டேவிட் பைன் குழுவினர் இதைக் கண்ணால் காணும்படி செய்தார்கள். இதே குடும்பத்துக் கரைசலில் ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தபோது, கெட்டியான பகுதி திரவம் முழுவதும் ஒரேயடியாகத் தோன்றவில்லை. சுழலும் உள் உருளையின் மேல் முளைத்து, மெல்ல மெல்ல வெளிச்சுவரை நோக்கி வளர்ந்தது. சோறு வடித்த கஞ்சியில் ஆடை படர்வது போல என்று சொல்லலாம், அது நிற்கும் கஞ்சி, இது ஓடும் தண்ணீர் என்பதைத் தவிர. ஓட்டம் நின்றால் அமைப்பு கரைகிறது. சில கரைசல்கள் உடனே மறப்பதில்லை; முன்பு சுழற்றப்பட்ட நினைவை மணிக்கணக்கில் வைத்திருக்கும். வேகத்தை மிகவும் கூட்டினால் மீண்டும் இளகும். குட்டிப் புழுக்கள் எவ்வாறு ஒன்றையொன்று கண்டுகொள்கின்றன என்பதில் அறிஞர்களிடையே இன்னும் ஒரே கருத்து இல்லை. முனையோடு முனை ஒட்டிக் கயிறாகின்றன என்பார் உண்டு. கட்டுக் கட்டாகச் சேர்ந்து வலையாகின்றன என்பாரும் உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தால், அவ்வளவு குட்டையான புழுக்களை அந்த வேகம் திருப்பி வரிசைப்படுத்தவே கூடாது. என்றாலும் நடக்கிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இதனால் பயனுண்டா என்று கேட்பவர்களுக்கு: உண்டு. கட்டடங்களுக்கு வெந்நீரோ குளிர்நீரோ சுற்றிவரும் நீண்ட குழாய்களில் இவ்வகைச் சவர்க்காரத்தைச் சிறிதளவு கலந்தால், கொந்தளித்து ஓடும் நீரின் உராய்வு பெரிதும் குறைகிறது. நல்ல சூழலில் 70 விழுக்காட்டுக்கும் மேல் குறையும். பம்பின் இறக்கைகள் புழுக்களை அறுத்தாலும் அவை மறுபடி ஒட்டிக்கொள்ளும். அதே வேலைக்குப் பயன்படும் நீண்ட பாலிமர்கள் அறுந்தால் அறுந்ததுதான்.

நாங்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினோம். பருவ விடுமுறையில் விடுதி காலியாகிவிட, ஆய்வுக்கூடத்தில் நாங்கள் இருவர் மட்டும். முதல் நாளே ஒரு சோதனை. முதல்நாள் மாலை கரைத்து வைத்த சீட்டாப் போத்தலில் காலையில் வெள்ளை ஊசிகள் மிதந்தன. கெட்டுவிட்டது என்று கொட்டப் போனேன். தோழி தடுத்து, போத்தலை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்தாள். ஊசிகள் கரைந்து தெளிந்தது. 25 பாகைக்குக் கீழே சீட்டாப் தண்ணீரில் கரைந்திருக்க விரும்பாது. எங்கள் குளிரூட்டி இரவெல்லாம் 20இல் ஓடியிருந்தது. குறிப்பேட்டைப் பார்த்தேன், அதையும் அவள் முன்பே எழுதி வைத்திருந்தாள்.

ஒவ்வொரு வேகத்திலும் பத்து நிமிடம் காத்திருந்தோம். அளவுக்கு அளவு புதிய கரைசல். நிறுத்துகடிகாரம் என் கையில், எண்கள் அவள் கையில். முதல் இரண்டு நாள் எண்களைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. மூன்றாம் நாள் 50இல் ஏழாவது நிமிடம் எண் அசைந்தபோது இருவரும் ஒரே நேரத்தில் "ஏறுது" என்றோம். அன்று மதியம் அவளே, "சாப்பிட்டியா?" என்று கேட்டாள். மன்னிப்புக் கேட்டேன். "டாக்டர்கிட்ட கருவியில கோளாறுன்னு சொன்னியே, அதுதான் எனக்கு ரொம்ப வலிச்சது. என்னைத் தப்புன்னு சொன்னதுகூட இல்ல" என்றாள். அவள் குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தை நகலெடுத்து அறிக்கையின் பின்னிணைப்பாகச் சேர்த்தோம். டாக்டரின் கட்டளை அது.

பட்டமளிப்பு நாளன்று அம்மாவையும் அப்பாவையும் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப் போனேன். டாக்டர் ஒரு கண்ணாடிக் குடுவையைக் கொண்டுவந்தார். உள்ளே சீட்டாப்பும் சாலிசிலேட்டும், எங்கள் அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாக. சுழற்றிவிட்டு நிறுத்தினால் உள்ளே இருக்கும் சிறு குமிழிகள் அப்படியே நின்றுவிடாது. ஒரு நொடி பின்னோக்கிச் சுழலும், ரப்பர்க் கயிறு முறுக்கு அவிழ்வது போல. அம்மா வாங்கிச் சுழற்றினார். குமிழிகள் பின்னோக்கி ஓடின. இன்னொரு முறை சுழற்றினார். குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்த மலாயில், "டாக்டர், இனி அடா காராம் கா?" என்று கேட்டார். இதில் உப்பு இருக்கிறதா என்று.

டாக்டர் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எப்படித் தெரியும் என்றார். அம்மா வாளியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்: வெள்ளிக்கிழமை, நுரைப்பசை, ஐந்தாவது கரண்டி, நான் கவிழ்த்த உப்புநீர் எல்லாம். டாக்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தோழியும் அங்கே இருந்தாள். பேரங்காடிப் போத்தலைப் பற்றி நான் சொன்ன பொய் அவளுக்கும் தெரியும். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

இப்பொழுது அவள் கெடாவில் ஓர் இடைநிலைப்பள்ளியில் வேதியியல் கற்பிக்கிறாள். இக்கட்டுரையை மலருக்கு அனுப்பும் முன் அவளிடம் காட்டாமல் இருப்பது முறையன்று என்று தோன்றியதால் வாட்சாப்பில் அனுப்பி வைத்தேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் இரவு வந்தது.

"எல்லாம் சரி. ஒன்னு மட்டும் தப்பு. நான் பென்சில்ல எழுதல. நீல மைப் பேனா. அந்த நோட்டு இன்னும் என்கிட்டதான் இருக்கு, வேணும்னா படம் எடுத்து அனுப்புறேன். பென்சில்ல எழுதினது நீ."